கஸ்தூரி இல்லாத கஸ்தூரியும் என் மூக்கின் சாட்சியமும்

மணம் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகை அலுவலகங்களில் அச்சு மையின் வாசனையை மட்டுமே அறிந்து வாழ்ந்தவன் நான். ஆயினும் அண்மையில் எமது இல்லத்தில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவம் என்னை வெட்கப்படவும் சிந்திக்கவும் வைத்தது. அரசியல் எழுதுவதற்கு எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இம்முறை இதனை எழுதுவதற்கு அன்பு வாசகர்கள் அனுமதி தர வேண்டும்.

எனது இளைய மகளின் திருமணம் நெருங்கியிருந்தது. மணமகளுக்கு வாசனைத் திரவியம் கொடுப்பது எங்கள் உக்குவளையில் பழைய வழக்கம். கட்டாரில் தொழில் புரியும் மூத்த மகன் டோஹாவிலிருந்து வரும்போது இளஞ்சிவப்புப் பெட்டியொன்றில் ஒரு ஸ்ப்ரே போத்தலைக் கொண்டுவந்தான். நார்சிஸோ ரொட்ரிகஸ் என்ற அமெரிக்க ஆடை வடிவமைப்பாளரின் பெயரைத் தாங்கி 2003 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஃபோர் ஹேர்’ என்ற திரவியம் அது. இதற்கிடையில் நான் மாத்தளை நகரில் வீதியோரமாக மேசை போட்டு அத்தர் விற்கும் இளைஞர் ஒருவரிடம், உருண்டை மூடி போட்ட ஆறு மில்லிலீற்றர் சீசா ஒன்றை வாங்கியிருந்தேன். மல்லிகையும் வெண்கஸ்தூரியும் கலந்த எண்ணெய் என்று அவர் கூறினார்.

இரண்டும் ஏறக்குறைய ஒரே குணமுடையவை. ஆரவாரமில்லாத பூமணம் மேலே; அதன் அடியில் தோலோடு ஒட்டிக் கிடக்கும் மென்மையான கஸ்தூரி. திருமண நாளுக்கும் அதன் பின்னர் தினசரிப் பாவனைக்கும் எதனைத் தெரிவு செய்வது என்பதே கேள்வி. உறவினர்களுக்கு அது கேள்வியாகவே படவில்லை. ஒன்று பல்லாயிரம் ரூபா. மற்றையது சில நூறு ரூபா. விலையே தீர்ப்பை எழுதிவிட்டது.

நானும் அந்தத் தீர்ப்புக்கே ஆதரவாளனாக இருந்தேன். அதற்கு எனது மூக்கே காரணம். அத்தரை மணிக்கட்டில் தடவியதும் மல்லிகை மணத்தது உண்மை. ஆனால் கால் மணி நேரத்துக்குள் ஒன்றுமே இல்லை. தேங்காயெண்ணெய் பூசிய கை போலத்தான் இருந்தது. ஏமாற்றப்பட்டேன் என்று முடிவு செய்தேன். அடுத்த முறை மாத்தளைக்குப் போனபோது, வாடிக்கையாளர்கள் நாலைந்து பேர் நின்றிருந்த வேளையில், அந்த இளைஞரிடம் உரத்த குரலில் அதைக் கூறியும்விட்டேன். “எண்ணெய்க்குள் என்ன தம்பி கலக்கிறீர்? காசு வாங்கிக்கொண்டு ஊரை ஏமாற்றலாமா?” என்று கேட்டேன். அவர் எதிர்த்துப் பேசவில்லை. “அப்படி ஒண்டும் இல்ல நானா” என்று மட்டும் கூறிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நின்றவர்களில் இருவர் வாங்காமலே போய்விட்டனர். பாவனையாளர் உரிமைக்காகக் குரல் கொடுத்துவிட்ட பெருமிதத்தோடு நான் வீடு திரும்பினேன். வீதியோர வாசனை வியாபாரத்தில் நடக்கும் மோசடி பற்றி ஒரு கட்டுரைக்குக் குறிப்புகளும் எடுக்கத் தொடங்கினேன்.

என் மகள்தான் தடுத்தாள். “வாப்பா, இது இன்னும் மணக்குது. ஒங்களுக்குத்தான் தெரியல்ல” என்றாள். மனைவியும் அதையே கூறினார். வாங்கி வந்த பொருளைக் குறை கூறி என்னை வருத்தக் கூடாது என்பதற்காகச் சொல்கிறார்கள் என்றே நினைத்தேன். ஆனாலும் செய்தியை உறுதிப்படுத்தாமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது என்று இளம் செய்தியாளர்களுக்குப் போதித்தவன் நான். ஆகவே ஒரு பரீட்சை வைத்தோம்.

ஐந்து சுத்தமான கைக்குட்டைகள். மகள் தனியறையில் வைத்து அவற்றில் ஒன்றில் மட்டும் அத்தரைத் தடவி, ஐந்தையும் தனித்தனியாக மடித்து வைத்தாள். மறுநாள் காலையில் நான் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தேன். ஐந்தும் எனக்கு வெறும் துணிதான். மனைவி வந்து இரண்டாவதை எடுத்த மாத்திரத்தில் இதுதான் என்றார். கைக்குட்டைகளை மாற்றி மூன்று முறை செய்தோம். மூன்று முறையும் அவர் சரி, நான் பிழை. கொரோனாத் தொற்று எனது மோப்ப சக்தியைப் பறித்துவிட்டதோ என்று அஞ்சி, சமையலறையில் கராம்பையும் கோப்பித் தூளையும் முகர்ந்து பார்த்தேன். அவை நன்றாகவே மணத்தன. எனக்கு எட்டாதிருந்தது அந்த ஒரு மணம் மட்டுமே.

இது விசித்திரமான நோய் எதுவும் இல்லை என்பதைப் பின்னர் வாசித்து அறிந்தேன். மற்றெல்லா மணங்களையும் நன்றாக உணரும் ஒருவருக்குச் சில கஸ்தூரி மூலக்கூறுகள் மட்டும் எட்டாமல் போவது மனிதரிடையே சாதாரணமாகக் காணப்படும் விடயம். கஸ்தூரி மணம் தரும் மூலக்கூறுகள் பருமனில் பெரியவை. மனித மூக்கு உணரக்கூடிய எல்லையின் ஓரத்தில் நிற்பவை. அதனால்தான் அவை மெதுவாக ஆவியாகித் துணியிலும் தோலிலும் நெடுநேரம் தங்குகின்றன. அதனால்தான் சிலருக்கு எட்டாமலும் போகின்றன. சவர்க்காரத் தூள் முதல் வாசனைத் திரவியம் வரை உலகெங்கும் பயன்படும் கலக்ஸோலைட் என்ற செயற்கைக் கஸ்தூரியை ஒருவர் எவ்வளவு வலுவாக உணர்கிறார் என்பது மூக்கிலுள்ள ஒரு குறிப்பிட்ட வாங்கியின் மரபணு வேறுபாட்டோடு தொடர்புடையது என்பதை 2022 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. சீனாவின் ஹான் இனத்தவர் ஆயிரம் பேரளவில் பரிசோதித்துப் பெறப்பட்ட முடிவு அது. அதாவது நானும் எனது மனைவியும் ஒரே சீசாவை முகர்ந்தாலும் நாங்கள் முகர்வது ஒரே பொருளை அல்ல.

வாசகர்களே, இதில் எனக்கு உறைத்தது விஞ்ஞானம் அல்ல. எனது ஒரு மூக்கை மட்டும் சாட்சியாக வைத்து ஒரு மனிதனின் நாணயத்தை நடுத்தெருவில் வைத்துத் தீர்ப்பளித்தேனே, அதுதான். ஒரு தரப்பு வாக்குமூலத்தை மட்டும் கேட்டு எழுதிய செய்தியை எத்தனை முறை நான் கிழித்துப் போட்டிருப்பேன்! எனக்குத் தெரியவில்லை என்பதற்கும் அங்கே இல்லை என்பதற்கும் இடையில் உள்ள தூரத்தை ஓய்வுபெற்ற பின்னர் ஓர் அத்தர் சீசாவிடம் கற்க வேண்டியதாயிற்று.

அடுத்த கிழமையே போய், ஆட்கள் நிற்கும் நேரம் பார்த்து, பிழை என்னுடையது என்று அவர் மேசை முன்னால் நின்று கூறினேன். உரத்துக் குற்றஞ்சாட்டிவிட்டு மெதுவாக மன்னிப்புக் கேட்பது பத்திரிகைகளின் பழைய கெட்ட பழக்கம். முன்பக்கத்தில் அவதூறு, உள்பக்க மூலையில் திருத்தம். அந்தப் பழக்கத்தை இங்கும் தொடர நான் விரும்பவில்லை. அவர் சிரித்துக்கொண்டு, “நானா மாதிரி இன்னும் ரெண்டு பேர் சொல்லியிருக்காங்க. எனக்கே வெளங்கல்ல” என்றார்.

அதன் பின்னர்தான் அவரோடு நிதானமாகப் பேசினேன். நான் இப்போது எழுத விரும்பும் அபிப்பிராயம் அந்த உரையாடலிலிருந்தே பிறந்தது.

கஸ்தூரி என்று எழுதிய இந்தச் சீசாவில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். மேசைக்குக் கீழிருந்து அலுமினியத் தகரமொன்றை எடுத்துக் காட்டினார். அதில் ஆங்கிலத்தில் ஒரு பெயர், நிறை, ஓர் இலக்கம். அவ்வளவுதான். கொழும்பில் மொத்தமாக வாங்கி வந்து சீசாக்களில் நிரப்புகிறார். உள்ளே இருப்பது என்னவென்று அவருக்கும் தெரியாது. அவருக்கு விற்றவருக்கும் தெரிந்திருக்குமா என்பது சந்தேகமே. தெரியாத ஒன்றைப் பற்றி ஒருவர் பொய் சொல்ல முடியாதல்லவா?

கஸ்தூரி என்ற சொல்லின் கதை நீண்டது. இமயமலைப் பிரதேசத்திலும் மத்திய ஆசியாவிலும் வாழும் ஒருவகை ஆண்மானின் வயிற்றடியில், தொப்புளுக்கு அருகே உள்ள சுரப்பிப் பையிலிருந்து கிடைப்பதே அசல் கஸ்தூரி. நமது பழந்தமிழ் நூல்கள் அதனை மான்மதம் என்றன. ஒரு பையில் கிடைப்பது ஏறத்தாழ 25 கிராம். அப்படியானால் ஒரு கிலோவுக்கு நாற்பது ஆண்மான்களாவது வேண்டும். பொறியில் அகப்படுவது ஆணா பெண்ணா என்று வேட்டைக்காரனுக்கு முன்கூட்டித் தெரியாது என்பதால் உண்மையில் மடிந்தவை அதைவிடப் பல மடங்கு. இன்று இந்தியா, நேபாளம், பூட்டான் உள்ளிட்ட நாடுகளின் கஸ்தூரி மான்களை வைத்துச் சர்வதேச வர்த்தகம் செய்வது சைட்டீஸ் உடன்படிக்கையால் தடுக்கப்பட்டுள்ளது. எனவே வீதியோர மேசையிலும் சரி, விமான நிலையத்தின் கண்ணாடிக் கடையிலும் சரி, கஸ்தூரி என்ற பெயரில் விற்கப்படுவது மானிலிருந்து வந்ததல்ல என்று வைத்துக்கொள்வதே நியாயம். அது நல்லதும்கூட. கஸ்தூரி மஞ்சளில் கஸ்தூரி இல்லை என்பதற்காக யாரும் வழக்குத் தொடுப்பதில்லையே!

மனிதன் கஸ்தூரியைச் செய்யத் தொடங்கியதே ஒரு விபத்துப் போலத்தான். 1888 ஆம் ஆண்டில் ஜேர்மனிய இரசாயனவியலாளர் அல்பர்ட் பவர் வெடிமருந்து ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தபோது, தான் தயாரித்த பொருளொன்று கஸ்தூரி போல மணப்பதைக் கண்டார். அவ்வழி வந்த பொருட்களே பல தசாப்தங்களாக மலிவான கஸ்தூரியாக விலைபோயின. அவற்றுள் மஸ்க் அம்ப்ரெட் என்பது நரம்பு மண்டலத்துக்குக் கேடு விளைவிப்பதாக விலங்குகளில் கண்டறியப்பட்டுக் கைவிடப்பட்டது. மஸ்க் சைலீன் என்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2014 ஆம் ஆண்டோடு புழக்கத்திலிருந்து அகற்றியது. இப்போது பரவலாகவுள்ள கலக்ஸோலைட் ஆறுகளின் நீரிலும் தாய்ப்பாலிலும்கூடக் கண்டறியப்பட்டிருக்கிறது. மானின் மணத்துக்குக் காரணமான மஸ்கோன் என்ற பொருளின் அமைப்பை 1926 ஆம் ஆண்டில் கண்டறிந்த ருசிக்கா, பின்னர் 1939 ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அவ்வகையைச் சேர்ந்த செயற்கைக் கஸ்தூரிகள் விலை கூடியவை. தாவரத்திலும் கஸ்தூரி உண்டு. சிங்களவர் கபுகினிஸ்ஸ என்றும் நாம் கஸ்தூரி வெண்டை என்றும் அழைக்கும் செடியின் விதையெண்ணெய் அப்படிப்பட்டது.

பூவின் கதையும் இதற்குக் குறைந்ததல்ல. மல்லிகையிலிருந்து வாசனைச் சாறு எடுக்கும் தொழில் தமிழ்நாட்டில் மதுரை, திண்டுக்கல், கோயம்புத்தூர்ப் பக்கங்களில் நடைபெறுகிறது. உலகின் பெயர்பெற்ற வாசனை நிறுவனங்கள் அதனை வாங்குகின்றன. ஏறத்தாழ ஆயிரம் கிலோ பூவிலிருந்து ஒன்றிரண்டு கிலோ தூய சாறுதான் கிடைக்கும். இந்தக் கணக்கை மனதில் வைத்துப் பார்த்தால் சில நூறு ரூபா அத்தரில் உள்ள மல்லிகை தோட்டத்திலிருந்து வந்ததல்ல என்பது விளங்கும். அதற்காக விலை கூடிய போத்தலில் உள்ளதெல்லாம் தோட்டத்துப் பூ என்று எண்ணிவிடவும் வேண்டாம். பள்ளத்தாக்கு அல்லி என்று பெட்டிகளில் எழுதப்படும் வெண்பூவிலிருந்து எந்த எண்ணெயும் எடுக்க முடியாது. அந்த மணம் எப்போதும் ஆய்வுகூடத்தில் சேர்க்கப்படுவதே. அதற்கு நெடுங்காலம் பயன்பட்ட லிலியால் என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச் முதலாம் திகதி முதல் அழகுசாதனப் பொருட்களில் தடை செய்தது.

இன்னொரு சுவையான தகவலும் உண்டு. மகன் கொண்டுவந்த அந்த விலையுயர்ந்த திரவியத்துக்கு வித்திட்டது, நார்சிஸோ ரொட்ரிகஸ் தமது இளமைக் காலத்தில் பூசி வந்த எகிப்தியக் கஸ்தூரி எண்ணெய் ஒன்று என்று பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. அதன் நினைவைத்தான் கிறிஸ்டின் நாகெல், பிரான்ஸிஸ் குர்க்ஜான் என்ற இரு வல்லுநர்கள் தோடம்பூ மணத்தோடு சேர்த்து அமைத்தனர். ஆக, எமது உறவினர்கள் ஒன்றை உயர்ந்ததென்றும் மற்றையதைத் தாழ்ந்ததென்றும் பிரித்த இரண்டு போத்தல்களும் தூரத்து உறவினர்கள்தான். ஒன்று நியூயோர்க் போய் உடை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது.

அப்படியானால் இரண்டும் சமமா? இல்லை. இந்த இடத்தில் வீதியோர வியாபாரிக்குச் சாதகமாக மட்டும் எழுதினால் அதுவும் ஒரு பக்கச் செய்தியாகிவிடும். அந்த இளஞ்சிவப்புப் பெட்டியின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு பட்டியல் இருந்தது. தோலுக்கு ஒவ்வாமை தரக்கூடிய வாசனைப் பொருட்களின் பெயர்கள் அவை. கலவை முழுவதும் அதில் இல்லை. வாசனை என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மற்றவை மறைந்திருக்கின்றன. ஆயினும் ஐரோப்பிய சட்டம் 26 பொருட்களைப் பெயர் குறித்துச் சொல்லுமாறு முன்னர் கட்டாயப்படுத்தியது. 2023 ஆம் ஆண்டில் அந்தப் பட்டியலை எண்பதுக்கும் மேலாக விரிவாக்கவும் தீர்மானித்தது. எங்கள் சீசாவில் அந்த அளவுகூட இல்லை. நாளை என் மகளின் கழுத்தில் தடிப்பு ஏற்பட்டால் மருத்துவரிடம் எதைக் காட்டுவது?

எனது அபிப்பிராயம் இதுதான். மலிவான அத்தரைத் தடை செய்யுமாறு நான் கேட்கவில்லை. 2022 ஓகஸ்டில் டொலர் இல்லாத நெருக்கடியில் முந்நூறுக்கும் மேற்பட்ட பொருட்களின் இறக்குமதி இடைநிறுத்தப்பட்டபோது வாசனைத் திரவியமும் அதில் அடங்கியது. பாற்சோறும் பெற்றோலும் இல்லாத வீட்டில் அது நியாயமான முடிவாக இருக்கலாம். ஆனாலும் ஏழை வீட்டு மணமகளுக்கும் நல்ல மணம் பூசிக்கொள்ளும் ஆசை உண்டு. அவளுக்கு எட்டும் விலையில் உள்ளது இந்த ஆறு மில்லிலீற்றர் சீசாதான். ஆகவே சட்டம் பிடிக்க வேண்டியது நிரப்பி விற்பவரை அல்ல. தகரமாக இறக்குமதி செய்பவரை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் பொருட்களின் சுட்டுத்துண்டு தொடர்பாகப் பணிப்புரை விடுக்கும் அதிகாரம் உண்டு. மொத்தத் தகரத்தோடு உள்ளடக்கப் பட்டியல் ஒன்றும் வர வேண்டும், அதன் பிரதி சில்லறை வியாபாரியின் மேசையிலும் மும்மொழியில் இருக்க வேண்டும் என்று விதித்தால் பெரிய செலவு எவருக்கும் ஏற்படாது. கஸ்தூரி என்ற பெயரோடு ‘மணம் மட்டும்’ என்ற இரு சொற்களைச் சேர்ப்பதற்கும் மை அதிகம் தேவைப்படாது.

இனி, தெரிவு செய்ய நிற்பவர்களுக்கு அனுபவத்தில் சில வார்த்தைகள். கடையில் முதல் நிமிடத்தில் மணப்பதை வைத்து வாங்காதீர்கள். ஸ்ப்ரேயில் முதலில் எழுவது மதுசாரமும் விரைவில் ஆவியாகும் மேல்மணமும்தான். கையில் தடவிக்கொண்டு வீடு செல்லுங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் நான்கு மணி நேரம் கழித்தும் முகர்ந்து பாருங்கள். நீங்கள் நாள் முழுவதும் வாழப்போவது அந்த அடிமணத்தோடுதான். ஒரே தடவையில் இரண்டு மூன்றுக்கு மேல் முகர வேண்டாம். இடையில் கோப்பிக் கொட்டையை முகரச் சொல்வார்கள். அது வெறும் காற்றைவிடச் சிறந்ததல்ல என்று 2011 ஆம் ஆண்டின் ஓர் ஆய்வு கண்டது. எண்ணெயாயினும் ஸ்ப்ரேயாயினும் முழங்கையின் உட்புறத்தில் தடவி இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். மதுசாரம் கலந்ததைப் பூசலாமா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை அவரவர் நம்பிக்கைக்கு விட்டுவிடுகிறேன். எல்லாவற்றுக்கும் மேலாக, கஸ்தூரி வகையைத் தெரிவு செய்யும்போது இன்னொருவரின் மூக்கையும் கடன் வாங்குங்கள். உங்களுக்கு எட்டவில்லை என்று நினைத்து மேலும் மேலும் பூசிக்கொண்டால் பேருந்தில் பக்கத்தில் இருப்பவர்தான் அவதிப்படுவார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டு முற்றத்தில் கராம்பு காய்கிறது. அதன் மணம் என் மேசை வரை வருகிறது. கறுவாவும் சாதிக்காயும் கராம்பும் விளையும் மண் இது. கறுவா இலையெண்ணெயைப் பீப்பாயில் அனுப்பிவிட்டு, அதுவும் கலந்திருக்கக்கூடிய வாசனைகளைப் பெயர் தெரியாத தகரத்தில் திரும்ப வாங்குகிறோம். கண்டியிலிருந்து மாத்தளைக்கு ரயில் பாதை 1880 இல் வந்தது. அன்று முதல் எங்கள் விளைச்சல் உக்குவளை நிலையத்தைக் கடந்து வெளியே போய்க்கொண்டேயிருக்கிறது. கஸ்தூரி வெண்டையை வேலியோரத்துச் செடியாக மட்டும் பார்க்காமல் பணம் தரும் பயிராகப் பார்க்க முடியுமா என்பதை மாத்தளையில் இயங்கும் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் போன்றவை சிந்திக்கலாம். அது வேறொரு கட்டுரைக்கு உரிய விடயம்.

மகள் எதனைத் தெரிவு செய்தாள் என்று கேட்பீர்கள். இரண்டையும் ஆளுக்கொரு கையில் பூசிக்கொண்டு ஒரு நாள் முழுவதும் இருந்து பார்த்தாள். முழங்கைப் பரீட்சையும் செய்தாள். தோலில் ஒன்றும் ஏற்படவில்லை. மாலையில், அத்தரைத்தான் பூசப் போவதாகக் கூறினாள். அண்ணன் கொண்டுவந்ததை விசேட தினங்களுக்கு வைத்துக்கொள்வதாகச் சொல்லி அவனையும் சமாதானப்படுத்தினாள். ஏன் என்று கேட்டேன். ஸ்ப்ரே அறைக்குள் தனக்கு முன்னால் நடந்து போகிறது, இது பக்கத்தில் வருபவருக்கு மட்டும் தெரிகிறது என்றாள். அது அவளுடைய தோல், அவளுடைய மூக்கு. எனக்கு அதில் வாக்குரிமை இல்லை.

திருமண நாளன்று அவள் என் பக்கத்தில் வந்து நின்றபோது எனக்கு ஒன்றும் மணக்கவில்லை. சிறிது தள்ளி நின்ற எனது மனைவி முகம் மலர்ந்ததை மட்டும் கண்டேன். நல்ல மணம்தான் என்று நம்பிக்கொண்டேன்.

உங்களில் யாருக்கேனும் இதுபோன்ற அனுபவம் உண்டா? எழுதுங்கள். உங்கள் மூக்கையும் சாட்சியாகச் சேர்த்துக்கொள்கிறேன்.